தெருக்கடைக்குத் தெரிந்த சைக்கிள்

என்னிடம் இப்போது இருக்கும் சைக்கிள்களில் ஒன்றைக்கூட நான் கடையில் முழுதாக வாங்கவில்லை. ஒன்றின் ஃபிரேம் வில்லிவாக்கத்துப் பழைய இரும்புக் கடையில் எடைக்கு எடுத்தது. இன்னொன்று ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் பல வருடங்கள் கேட்பாரற்றுக் கிடந்து, உரியவர்கள் எடுக்காவிட்டால் அப்புறப்படுத்தப்படும் என்று சங்கத்தார் நோட்டீஸ் ஒட்டிய பிறகு என் கைக்கு வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் இப்படி நிறைய சைக்கிள்கள் தெருவுக்கு வந்தன. மூழ்கிய காருக்கு இன்சூரன்ஸ்காரர் வருவார். மூழ்கிய சைக்கிளுக்குப் பழைய பேப்பர்காரர்தான் வருவார். இத்தனைக்கும் இரும்பு சைக்கிளை வெள்ளம் அவ்வளவு சுலபத்தில் சாகடிப்பதில்லை. எல்லாவற்றையும் கழற்றி, பால்ரஸ்களை டீசலில் கழுவி, சேறு போகத் துடைத்து, புது கிரீஸ் வைத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும்.

இதில் பணம் மிச்சமாகிறதா என்பதுதான் பார்ப்பவர்களின் முதல் கேள்வி. ஆகவில்லை. நான் தணிக்கையாளர் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறவள். வரவு செலவு தெரியாமல் செய்கிறேன் என்று யாரும் சொல்ல முடியாது. ரிம், டயர், பெயின்ட் என்று கூட்டிக்கொண்டே போனால் புது சைக்கிளின் விலையைத் தாண்டிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகள் கணக்கிலேயே சேரவில்லை. சிலர் வீணை கற்கிறார்கள், சிலர் மாடித் தோட்டம் போடுகிறார்கள். எனக்குக் கையில் கிரீஸ் படிய வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் எந்த மாதிரி சைக்கிளைக் கட்டுவது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் பலரும் எடையைத் துரத்துகிறார்கள். 200 கிராம் குறைந்த ஹேண்டில் பாருக்காக ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுப்பார்கள். என் அளவுகோல் வேறு. பழவேற்காட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையில் எந்த ஊரில் வேண்டுமானாலும், காலை பதினொரு மணி வெயிலில் வண்டி நின்றுபோனால், அங்கே ஒரு புளிய மரத்தடியில் காற்றுப் பம்போடு உட்கார்ந்திருக்கும் சைக்கிள் கடைக்காரர் என்னைத் திரும்பச் சாலையில் ஏற்றிவிட முடிய வேண்டும். அவர் கையில் இருக்கும் ஸ்பானருக்குப் பொருந்தாத நட்டும், அவர் டப்பாவில் இல்லாத அளவுப் பொருளும் என் சைக்கிளில் முடிந்தவரை இருக்கக் கூடாது. இதைச் சொன்னால் கார்பன் சைக்கிள் வைத்திருக்கும் நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஆரம்பப் புள்ளி ஒன்றுதான்: கறுப்பு ரோட்ஸ்டர். பால்காரர் கேனைத் தொங்கவிட்டுப் போவாரே, சுக்கு காபிக்காரர் பின்னால் பாத்திரத்தை வைத்துக் கட்டிக்கொண்டு மெரினா பக்கம் சுற்றுவாரே, அந்தச் சைக்கிள். நூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கிலேய வடிவம். நாம் ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டோம். சென்னைக்காரர்களுக்கு இதில் கொஞ்சம் சொந்தம் கொண்டாடவும் உரிமை உண்டு. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில்தான் வளர்ந்தது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் எல்லாம் பர்மிங்ஹாம் வட்டாரத்துப் பெயர்கள். அம்பத்தூர் வழியாகத் தமிழ்நாட்டுப் பெயர்களாகிவிட்டன. பி.எஸ்.ஏ. என்பது துப்பாக்கி செய்த கம்பெனி என்று சொன்னால் இன்றும் பலர் நம்புவதில்லை. மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்திய சின்னம் அந்தக் கம்பெனியுடையது. பெடல் அச்சு உட்காரும் கூட்டின் திருகு மறை அளவுக்கு உலகம் முழுவதும் இன்றும் பி.எஸ்.ஏ. மறை என்றே பெயர்: குறுக்களவு 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மறை.

அளவுகள் என்று வந்துவிட்டால் என்னை நிறுத்த முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். நம் ரோட்ஸ்டர் சக்கரத்தின் டயரில் 28 x 1½ என்று எழுதியிருக்கும். டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம் 635 மில்லிமீட்டர். இப்போது கடைகளில் விற்கும் பந்தய சைக்கிளின் 700சி சக்கரத்துக்கு அதே அளவு 622. மலையேறும் சைக்கிள்காரர்கள் பெருமையாக 29 என்று சொல்லும் சக்கரமும் அதே 622-தான். அதாவது 29 என்று பெயர் வைத்த ரிம்மைவிட நம் ஊர்ப் பால்காரரின் 28 பெரியது. இந்த எண்களை நம்பிக் கடைக்குப் போகிறவர் வெறும் கையோடு திரும்புவார். 635 என்று கேட்டால்தான் பிழைக்கலாம். கடைக்காரரிடம் அதையும் கேட்க வேண்டாம், பழைய டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு போனால் போதும்.

ரோட்ஸ்டர் ஃபிரேமில் 622 அலுமினிய ரிம்மைப் போட்டால் வண்டி கணிசமாக இலேசாகும், பிரேக்கும் நன்றாகப் பிடிக்கும். ஆரத்தில் 6.5 மில்லிமீட்டர்தான் குறைகிறது, பிரேக் கட்டையை அந்த அளவு கீழே இறக்கினால் சரி. நானே ஒரு வண்டியில் அப்படிச் செய்திருக்கிறேன். நகரத்துக்குள் அருமையாக ஓடுகிறது. ஆனால் பொன்னேரி தாண்டி அதன் டயர் கிழிந்தால் அன்றைய பயணம் முடிந்தது. 28 x 1½ டயர் என்றால் எந்தக் கிராமத்திலும் ஒரு ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். எனவே தொலைதூர வண்டிக்கு 635, ஊர்ச் சுற்றும் வண்டிக்கு 622 என்று பிரித்துவிட்டேன். தர்க்கப்படி தலைகீழாக இருக்க வேண்டும் என்று சிலர் வாதாடுகிறார்கள். அவர்கள் வாதத்தில் டயர் கிழிவதே இல்லை.

டியூப்பின் வால்விலும் இதே கதைதான். வெளிநாட்டு ரிம்கள் பலவற்றின் துளை 6.5 மில்லிமீட்டர், ஒல்லியான வால்வுக்கானது. நம் ஊர் வால்வுக்கும் கார் வால்வுக்கும் 8.5 வேண்டும். துளையைப் பெரிதாக்கிவிட்டால் பெட்ரோல் பங்கில் காற்று, தெருக்கடையில் டியூப், இரண்டும் கிடைக்கும். ஒரு டிரில்லும் ஒரு வட்ட அரமும் போதும்.

வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பது, அதாவது கோணி ஆடும் சக்கரத்தை நேராக்குவது.

இதை நான் கற்றது வில்லிவாக்கம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம். முதலில் நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் என் கணவரைப் பார்த்துப் பதில் சொன்னார். இவருக்கோ சைக்கிளில் காற்று அடிக்கவும் பொறுமை கிடையாது. ஒரு நாள் நான் தனியாகப் போய், இடப்பக்கப் பெடலின் மறை எந்தப் பக்கம் சுற்றும் என்பதை அவர் சொல்லாமலே சரியாகக் கழற்றிக் காட்டிய பிறகுதான் என் பக்கம் திரும்பினார். இப்போது நான் போனால், "வாம்மா, இதைக் கொஞ்சம் பிடி" என்று ஒரு வேலையைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பேச்சே.

அவரிடம் கோட்டம் பார்க்கும் கருவி எதுவும் கிடையாது. பழைய ஃபோர்க் ஒன்றைத் தலைகீழாகக் கட்டையில் அறைந்து வைத்திருக்கிறார். சக்கரத்தை அதில் மாட்டிச் சுற்றிவிட்டு, ஒரு சாக்பீஸைக் கையில் அசையாமல் பிடித்து, மெல்ல ரிம்மை நோக்கி நகர்த்துவார். ரிம் எந்த இடத்தில் வெளியே தள்ளியிருக்கிறதோ அங்கே மட்டும் வெள்ளை விழும். வெள்ளை விழுந்த இடத்தில் அந்தப் பக்கத்துப் போக்ஸ் கம்பியின் நிப்பிளை, அதாவது ரிம் முனையில் கம்பியைப் பிடிக்கும் குட்டி நட்டை, கால் சுற்று தளர்த்த வேண்டும், எதிர்ப்பக்கத்துக் கம்பியைக் கால் சுற்று இறுக்க வேண்டும். கால் சுற்றுக்கு மேல் ஒரு நேரத்தில் போகக் கூடாது என்பது அவருடைய கண்டிப்பு. இறுக்கிக்கொண்டே போனால் கோட்டம் மறையும், ஆனால் சக்கரம் முட்டை வடிவத்துக்குப் போய்விடும். அதனால் பக்கவாட்டில் ஒரு முறை, மேலும் கீழும் ஒரு முறை என்று மாற்றி மாற்றிப் பார்ப்பார். சாக்பீஸ் கோடு நீளமாகிக்கொண்டே வரும். கடைசியில் ரிம் முழுவதும் ஒரே சீரான வெள்ளை வளையம் விழுந்தால் வேலை முடிந்தது. பிறகு ஒவ்வொரு கம்பியாக விரலால் சுண்டிக்கொண்டே போவார். ஒரு பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஒரே சுருதியில் ஒலித்தால் இழுவிசை சமமாக இருக்கிறது. ஒன்று மட்டும் சொத்தென்று ஒலித்தால் மறுபடி உட்கார வேண்டியதுதான்.

ரோட்ஸ்டரின் முன்சக்கரத்தில் 32 கம்பி, பின்சக்கரத்தில் 40. எடை விழுவது பின்னால்தானே. மனிதரைச் சுமக்கும்போது அந்தக் கம்பிகளில் என்ன நடக்கிறது என்பது எனக்கு இன்னும் அலுக்காத விஷயம். எல்லாக் கம்பிகளும் முன்கூட்டியே இறுகி இழுத்துக்கொண்டிருக்கின்றன. எடை விழும்போது தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே இருக்கும் சில கம்பிகளில் மட்டும் அந்த இழுவிசை குறைகிறது. மற்றவற்றில் பெரிய மாற்றம் இல்லை. முதலிலேயே தளர்வாகக் கட்டிய சக்கரம் என்றால், கீழே வரும் கம்பி முற்றிலும் தொய்ந்துவிடும், தொய்ந்த நேரத்தில் நிப்பிள் தானாகச் சுழன்று கழலும். பள்ளத்தில் விழுந்ததால் கோட்டம் விழுந்தது என்று நாம் சாலையைத் திட்டுகிறோம். சென்னைச் சாலைகள் திட்டு வாங்கத் தகுதியானவைதான். ஆனாலும் பாதிப் பழி தளர்ந்த கம்பிகளுக்குப் போக வேண்டும்.

அடுத்தது காட்டர் பின். பெடல் மாட்டும் தண்டான கிராங்கை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் ஆப்பு வடிவ இரும்புத் துண்டு. புதிய சைக்கிள் வாங்குகிறவர்களுக்கு இதன் முகமே தெரியாது. பழைய சைக்கிளைப் பிரிக்கிறவர்களுக்கு இதுதான் வில்லன். துருப்பிடித்து உள்ளே இறுகியிருக்கும். எல்லோரும் சுத்தியலை எடுத்து மேலிருந்து அடிப்பார்கள். அடி விழும் வேகம் காட்டர் பின்னுக்குப் போவதில்லை, அச்சு வழியாகப் பால்ரஸ்களுக்குப் போய், அவை உருளும் கப்பில் குழி விழுத்தும். அண்ணன் செய்வது இப்படி: பின் வெளிவரும் பக்கத்தில் கிராங்குக்கு அடியில் ஓர் இரும்புக் குழாயை நட்டு வைத்துத் தரையோடு முட்டுக் கொடுப்பார். நட்டைக் கழற்றாமல் மறையின் நுனிக்கு வரும்வரை மட்டும் தளர்த்துவார். பிறகு ஒரே ஒரு அடி. தயங்கித் தயங்கிப் பத்து அடி அடித்தால் பின் வளைந்துவிடும், பிறகு டிரில்லை எடுக்க வேண்டியதுதான்.

புதுப் பின்னைப் போடும்போது இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. இரண்டு பின்களையும் எதிரெதிர்த் திசையில் செருக வேண்டும், இரண்டின் சாய்வுப் பக்கத்தையும் ஒரே அளவுக்கு அரத்தால் ராவ வேண்டும். இல்லையென்றால் இரண்டு பெடலும் ஒரே நேர்க்கோட்டில் நிற்காது. ஓட்டும்போது ஒரு கால் நொண்டுவது போலத் தோன்றும். பல பழைய சைக்கிள்களில் இந்த நொண்டல் உண்டு. ஓட்டுகிறவர் அதைத் தன் முழங்கால் வலி என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

பிறகு ஃபிரேம். இங்கேதான் இரும்பின் அருமை தெரியும். ரோட்ஸ்டரின் பின்முட்கள், அதாவது பின்சக்கரத்தை இரு பக்கமும் பிடிக்கும் முனைகள், 110 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும். கியர் வைத்த பின்சக்கரத்துக்கு 126-ஓ 130-ஓ வேண்டும். அலுமினிய ஃபிரேமை விரித்தால் விரிசல் விடும். கார்பனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இரும்பை மெல்ல விரிக்கலாம். நீளமான போல்ட் ஒன்றை இரண்டு முட்களுக்கும் இடையில் வைத்து, உட்புறமாக நட்டுகளைத் திருகித் தள்ளிக்கொண்டே போனால் ஃபிரேம் முனகும். வேண்டிய அளவோடு நிறுத்தினால் கதை நடக்காது. நட்டைத் தளர்த்தியதும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். அளவைத் தாண்டிப் போய், விட்டுப் பார்த்து, மறுபடி தாண்டிப் போக வேண்டும். இரண்டு முட்களும் சமமாக விரிந்தனவா என்று பார்க்க ஒரு நூல் கண்டு போதும். பின்முள் ஒன்றில் நூலைக் கட்டி, முன்பக்கத் தலைக்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மற்ற முள்ளில் கட்ட வேண்டும். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள தூரம் இருபுறமும் ஒன்றாக இருந்தால் ஃபிரேம் நேராக இருக்கிறது. பட்டறைகளில் இதற்கென்று பெரிய மேசைகள் உண்டு. என் மொட்டை மாடியில் உள்ளது பூ கட்டும் நூல்.

அச்சில் பால்ரஸ்களை அழுத்திப் பிடிக்கும் கோனை எவ்வளவு இறுக்குவது என்று ஒரு முறை என் அக்கா மகள் கேட்டாள். இட்லி மாவுப் பதம் மாதிரி, சொல்லிப் புரியவைக்க முடியாது, கை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றேன். "அதையும் எனக்குச் சொல்லித் தரவில்லையே சித்தி" என்றாள்.

பெயின்டைப் பற்றிச் சுருக்கமாக: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பவுடர் கோட்டிங் செய்யும் சின்னப் பட்டறைகள் இருக்கின்றன. ஒற்றை ஃபிரேமைக் கொண்டுபோனால் முகம் சுளிப்பார்கள். பெரிய ஆர்டரோடு சேர்த்து அடுப்பில் வைத்துத் தரச் சொல்லிக் காத்திருந்தால், அன்று அங்கே என்ன நிறம் ஓடுகிறதோ அந்த நிறத்தில் மலிவாகக் கிடைக்கும். என் வண்டி ஒன்று மின் பெட்டிச் சாம்பல் நிறத்தில் இருப்பதற்குக் காரணம் இதுதான், கலையுணர்வு அல்ல.

பெண்கள் சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. நான் கட்டுவதெல்லாம் பார் வைத்த ஃபிரேம்களைத்தான். மேல் பாரை எடுத்துவிட்டுத் தாழ்வாக இரண்டு குழாய்களை ஓடவிடும் லேடீஸ் சைக்கிளில் ஃபிரேமின் முக்கோணம் உடைந்துபோகிறது; அதே வலுவுக்கு அதிக இரும்பு போட வேண்டும், அப்படியும் மேம்பாலம் ஏறும்போது பக்கவாட்டில் நெளிவது காலுக்குத் தெரியும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள்; அதையே விரும்பியவர்களும் உண்டு, பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதால். எனக்கு அந்தக் காரணம் மிகவும் பிடிக்கும்.

உடையைப் பற்றிச் சைக்கிள் கட்டும் ஆண்கள் யோசிப்பதே இல்லை. சுடிதார் துப்பட்டா பின்சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்று ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அதனால் என் வண்டிகள் எல்லாவற்றிலும் முழு செயின் கவர் உண்டு. பின் மட்கார்டிலிருந்து அச்சுவரை ஒரு வலையும் கட்டியிருப்பேன். பார்க்க அழகில்லை, எடை கூடும் என்று குறை சொல்வார்கள். முழுக் கவருக்குள் இருக்கும் செயின் மழையிலும் மணலிலும் நனையாமல் பல மடங்கு நாள் உழைக்கிறது என்பதைச் சொன்னால் காதில் வாங்குவதில்லை. ஒரு ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்கள்: புதுச் செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம். எட்டில் ஒரு அங்குலம் நீண்டிருந்தால் அந்தச் செயினைத் தூக்கிப் போட வேண்டியதுதான், இல்லையென்றால் பல்சக்கரத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். கடற்கரை ஓரம் இருப்பவர்களுக்கு இது இன்னும் அவசரம். திருவான்மியூரில் இருக்கும் தோழியின் திறந்த செயின் ஒரே இரவில் செம்பழுப்பாவதைப் பார்த்திருக்கிறேன்.

கட்டியதை ஓட்ட வேண்டும் அல்லவா. சென்னை சராசரியாகக் கடல் மட்டத்துக்கு 7 மீட்டர்கூட மேலே இல்லை. பரங்கிமலையை விட்டால் மேடு என்று சொல்ல இருப்பவை பாடி, கத்திப்பாரா போன்ற மேம்பாலங்கள்தான். பிறகு எதற்கு இருபத்தோரு கியர்? என் தொலைதூர வண்டியில் முன்னால் 44 பல், பின்னால் 18. ஒரு மிதிக்கு ஐந்தரை மீட்டர் போகும். சமதரையில் நாள் முழுவதும் மிதிக்கலாம்.

ஆனால் இங்கே மலையின் வேலையைக் காற்று செய்கிறது. மார்கழி, தையில் கடலோரத்தில் வடகிழக்கிலிருந்து வீசும். சித்திரை, வைகாசியில் தெற்கிலிருந்து. எனவே பனிக்காலத்தில் வடக்கே பழவேற்காட்டுக்கும், கோடையில் தெற்கே மாமல்லபுரத்துக்கும் போவது என் வழக்கம். போகும்போது உடம்பில் தெம்பு இருக்கும், எதிர்காற்றைத் தாங்கலாம். திரும்பும்போது காற்றே முதுகில் கை வைத்துத் தள்ளும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோடை விடியலில் எதிர்காற்றில் போகும் கூட்டத்தைப் பார்த்து, இதை மாற்றிச் செய்து பார்க்கத் தோன்றினால் செய்துவிடாதீர்கள். எதிர்காற்று பலமாக இருக்கும் நாட்களுக்கென்று 22 பல் பிரீவீல் போட்ட இன்னொரு பின்சக்கரம் வைத்திருக்கிறேன். சக்கரத்தையே மாற்றுவது கியர் மாற்றுவதைவிட மெதுவான வேலைதான். ஆனால் அதில் கெட்டுப்போக ஒன்றும் இல்லை.

பழவேற்காட்டு வழியை மாமல்லபுரத்து வழியைவிட எனக்குப் பிடிக்கும். ரெட்டேரி, புழல், செங்குன்றம் தாண்டித் தச்சூர் கூட்டுச் சாலைவரை லாரிகளோடு மல்லுக்கட்ட வேண்டும். அந்தப் பகுதியைப் பற்றி நல்லதாகச் சொல்ல எதுவும் இல்லை. பொன்னேரிக்குத் திரும்பியதும் சாலை மனிதர்களுடையதாகிவிடும். திருப்பாலைவனம் வழியாக ஏரிக்குப் போய்ச் சேரும் அந்தக் கடைசிப் பகுதியில், எதிரே வரும் பாதிப் பேர் நான் ஓட்டும் அதே வகைச் சைக்கிளில் வருவார்கள், மீன் கூடையோடு, புல்லுக்கட்டோடு. ஊர்க்காரர்கள் யாரும் என் வண்டியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. விலை உயர்ந்த வண்டியில் வரும் நண்பர்களைச் சூழ்ந்துகொண்டு விலை கேட்கிறார்கள். என்னிடம் நின்று வழி கேட்கிறார்கள். டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்து வாசலில் வண்டியைப் பூட்டாமல் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போய் வரலாம்.

குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய, நெடுந்தூரப் பயணக்காரர்களின் பி.ஆர்.எம். பயணம் ஒன்றிலும் இந்த வண்டியோடு கலந்துகொண்டேன். 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்தில் முடிக்க வேண்டும், சாப்பாடும் ஓய்வும் அதற்குள். மனித சக்தியால் ஓடும் எந்த வண்டிக்கும் அனுமதி உண்டு. விளக்கும், ஒளி பிரதிபலிக்கும் மேலங்கியும் இருக்கிறதா என்றுதான் கவனமாகப் பார்த்தார்கள். மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகம் என்பது நம் பால்காரர் அவசரமாகப் போகும் வேகம். நேரத்துக்குள் முடித்தேன், கொஞ்சம் நெருக்கடியோடுதான். நடுவில் பின்சக்கரத்தில் ஒரு கம்பி அறுந்தது. சாலையோரக் கடையில் ஒரு பெரியவர், டப்பாவிலிருந்து அதே நீளக் கம்பியை எடுத்து மாட்டி, கோட்டம் எடுத்துக் கொடுத்து அனுப்பினார். 40 கம்பி இருந்ததால் அந்தக் கடைவரை ஓட்டிக்கொண்டே போக முடிந்தது. இருபது கம்பிச் சக்கரத்தில் ஒன்று அறுந்தால் ரிம் பிரேக்கில் உரசும். வண்டி அங்கேயே நின்றிருக்கும்.

என் அளவுகோலில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை மறைத்துப் பயனில்லை. அந்தக் கடைகளே குறைந்துகொண்டு வருகின்றன. வில்லிவாக்கம் அண்ணனின் வருமானத்தில் பெரும்பகுதி இப்போது ஸ்கூட்டர் பஞ்சரிலும், தண்ணீர் கேன் போடும் மூன்று சக்கர வண்டிகளிலும் இருந்துதான் வருகிறது. என் சிறு வயதில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஷிப்ட் விடும் நேரத்தில் சாலை முழுவதும் சைக்கிளாக இருக்கும். இப்போது அதே நேரத்தில் பைக்குகள். அவர் மகன் உணவு டெலிவரிக்குப் போகிறான், அதுவும் மின்சார ஸ்கூட்டரில். டிஸ்க் பிரேக் வைத்த பையன்களின் சைக்கிள் வந்தால் அண்ணன், "இதைப் பெரிய கடைக்கு எடுத்துப் போ தம்பி" என்று திருப்பி அனுப்புகிறார். கம்பி இழுக்கும் டிஸ்க் பிரேக்கைச் சரிசெய்வது கோட்டம் எடுப்பதில் பத்தில் ஒரு பங்கு வேலைகூட இல்லை என்று நான் அவரிடம் வாதாடிப் பார்த்தேன். எண்ணெய் ஊற்றும் டிஸ்க் பிரேக் என்றால் சரி, மற்றதை நீங்கள் செய்யலாமே அண்ணே என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றைப் பிரித்து இருவரும் பார்த்தோம். கட்டையை இரண்டு திருகில் சரிசெய்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார். அடுத்த வாரம் முதல் அவற்றை வாங்கி வைத்துக்கொள்கிறார். பெரிய கடையைவிடக் குறைவாகத்தான் கூலி கேட்கிறார். அதில் மட்டும் அவருடைய கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

இப்போது மாடியில் கிடப்பது, அரசுப் பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் விலையில்லா மிதிவண்டி ஒன்று. கல்லூரி முடித்துவிட்ட பெண் ஒருத்தி, யாராவது ஓட்டினால் போதும் என்று கொடுத்தாள். ஃபிரேமில் குறை ஒன்றும் இல்லை. அக்கா மகளுக்காக அதைத் தயார்செய்கிறேன். மழையில் குரோம் ரிம்மை பிரேக் கட்டை சரியாகப் பிடிக்காது என்பதால், பெடலைப் பின்னால் மிதித்தால் நிற்கும் ஹப்பைப் பின்சக்கரத்தில் போடப்போகிறேன். பிரேக் ஹப்புக்குள்ளேயே இருப்பதால் மழைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. முன்னால் சாதாரண பிரேக். ஹப் கைக்கு வந்துவிட்டது. அதில் 36 துளை, பழைய பின் ரிம்மில் 40. பாரிமுனையில் 36 துளை ரிம் இருக்கிறதாம். சனிக்கிழமை போக வேண்டும். சக்கரத்தைக் கட்டுவது அவள் வேலை என்று சொல்லிவிட்டேன். சாக்பீஸ் ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறாள்.